கண் கேக், காது கேக், கை கேக்

அன்று எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இன்றைக்கு எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் "நான்தான் பக்கத்துல நின்னு பார்த்தேனே" என்கிறார்கள். அத்தனை பேர் நிற்க என் வீட்டில் இடமே கிடையாது. இருந்தவர்கள் ஒன்பது பேர். கஸ்தூரி என்கிற நான். என் வீட்டுக்காரர் ஏழுமலை. எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர்: தேன்மொழி, அவள் நாத்தனார் சுமதி, சாந்தி அக்கா, பூங்காவனம், பச்சையம்மா அத்தை, அத்தையின் மருமகள் மேகலா. ஒன்பதாவது ஆள், மூன்று மணிக்கு வந்த மேடம். ஒரு குரங்கும் வந்தது உண்மைதான். அது மதில் மேலேயே இருந்துவிட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் பயந்த சுபாவம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினால் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து, கேஸை மூடினேனா என்று பார்த்துவிட்டுப் போகிறவள். (இதுவரை ஒரு முறைகூட மூடாமல் இருந்ததில்லை. அதுவும் எனக்குக் கவலைதான். ஒரு நாள் அந்தக் கணக்குத் தப்புமே!) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கணக்கு வாத்தியார் என் அப்பாவைக் கூப்பிட்டு "இவளுக்கு ஏறாதுங்க" என்றார். அதே வாரம் வீட்டில் மாடு வாங்கினார்கள். எனக்கும் கணக்கு வராது, மாட்டுக்கும் வராது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாகிவிட்டோம்.

பிறகு எத்தனையோ வருஷம் கழித்து என் கைக்கு ஒரு போன் வந்தது. அதில் வீடியோ வந்தது. என் வாழ்க்கையே தலைகீழாக மாறியது!

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ரவிக்கைக்குக் கை வெட்டுவது, மிக்ஸி ஜாடியின் அடியில் ஒழுகினால் என்ன செய்வது, பேங்க் படிவத்தை எப்படி நிரப்புவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். உலகத்தில் இத்தனை வாத்தியார்கள் கம்பு இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாத்திரை போலப் பார்ப்பேன். அப்படித்தான் ஒரு மதியம் அந்தச் சட்டைக்காரர் வந்தார். ரோஸ் கலர் சட்டை, காதோரம் மைக். "மனுஷங்க மூணே வகைங்க," என்று விரலை நீட்டினார். "கண்ணால கத்துக்கறவங்க, காதால கத்துக்கறவங்க, கையால கத்துக்கறவங்க. உங்க வகை தெரியாம உங்களுக்குப் பாடம் நடத்தினா, தப்பு உங்க மேல இல்ல!"

தப்பு உங்க மேல இல்ல. நான் போனைக் கும்பிட்டேன். கூடவே ஐந்து கேள்விப் பரீட்சை ஒன்றும் இருந்தது. எழுதினேன். நான் காது வகை என்று வந்தது. கணக்கு வாத்தியாரோ வாயைத் திறக்காமல் கரும்பலகையிலேயே எழுதிக்கொண்டிருப்பவர். எல்லாம் விளங்கிவிட்டது! சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"ஏங்க, நான் மக்கு இல்லீங்க!"

"யார் சொன்னது?"

"பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே, வாத்தியாரு."

"அது இல்லமே. மக்கு இல்லைன்னு யார் சொன்னது?"

கோபத்தை அடக்கிக்கொண்டு மூன்று வகையையும் விளக்கினேன். அவர் ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சிவிட்டு, "என்னை வுட்டுட்டாரே உங்க வாத்தியாரு. நான் வாயால கத்துக்கறவன்," என்றார்.

அந்த நேரத்தில்தான் கடை விஷயம் வந்தது. எங்கள் குழுவின் வியாபாரம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்களுக்குச் சுண்டலும் மோரும் விற்போம். ஒரு நாள் வியாபாரம், மீதி நாளெல்லாம் அடுத்த நிலாவுக்குக் காத்திருப்பது. இப்போது வேங்கிக்காலில், ஆபீஸ்கள் இருக்கிற பக்கம், மகளிர் குழுக்களுக்கென்று சின்னக் கடை ஒன்று காலியாகிறது என்றார்கள். தினமும் வியாபாரம்! ஆறு வீட்டிலும் தினமும் காசு புரளும். பூங்காவனம் அடகு வைத்த கம்மலை மீட்டுவிடலாம் என்று அப்போதே காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பயிற்சிக்குப் பொறுப்பான மேடம் போனில் சொன்னது இதுதான்: "முறுக்கு, சுண்டல், களி எல்லாம் ஏற்கெனவே மத்த குழுங்க போடுறாங்க. நீங்க புதுசா ஒண்ணு செஞ்சு காட்டுங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வந்து ருசி பார்க்கறேன். நல்லா இருந்தா கடையை உங்க பேருக்கு எழுதிடலாம்."

நான்தான் குழுவின் ஊக்குநர். (ஊக்கம் தேவைப்படுகிற ஆளை ஏன் ஊக்குநராகப் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். கையெழுத்து தெளிவாக இருக்குமாம்.) மூன்று நாள் தூங்காமல் யோசித்துக் கேழ்வரகு கேக் என்று முடிவு செய்தேன். ஓவன் வேண்டாம், குக்கரிலேயே செய்யலாம் என்று பதினோரு நிமிஷ வீடியோ ஒன்று அகப்பட்டது. எங்கள் ஏழு பேரில் யாரும் அதுவரை கேக் செய்ததில்லை.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து பார்த்துடலாம்க்கா," என்றாள் தேன்மொழி.

எந்தச் சாதாரண மனுஷியும் அதைத்தான் செய்திருப்பாள். நானோ விஞ்ஞானம் அறிந்தவள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, ஆறு பேரையும் வரிசையாக உட்காரவைத்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

"புது இடத்துக்குப் போறீங்க. வழி எப்படித் தெரிஞ்சுப்பீங்க?"

"போன்ல மேப் பார்ப்பேன்," என்றாள் தேன்மொழி. கண் என்று எழுதினேன். நாத்தனாரும் அதையே சொன்னாள்.

"எம் புருஷன் கூட்டினு போவாரு," என்றார் சாந்தி அக்கா.

"அவரு வழி தவறிட்டா?"

"கத்துவேன்."

காது என்று எழுதினேன். பூங்காவனம் சாந்தி அக்காவை விட்டுப் பிரியமாட்டாள். அவளும் காது.

"நான் எதுக்குடி புது இடத்துக்குப் போறேன்?" என்றார் பச்சையம்மா அத்தை. அந்தப் பதிலுக்கு என்ன வகை என்று சட்டைக்காரர் சொல்லவில்லை. மிச்சமிருந்தது கைதான். மருமகள் மேகலாவையும் அங்கேயே சேர்த்தேன்.

கண் குழுவைக் கூடத்தில் உட்காரவைத்தேன். அவர்களுக்கு வீடியோ உண்டு, சத்தம் கிடையாது. காது குழுவைப் பின்பக்கம் தகரக் கொட்டகைக்கு அனுப்பினேன். அவர்களுக்குச் சத்தம் உண்டு, படம் கிடையாது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கை குழு சமையலறையில். அவர்களுக்குப் போனே கிடையாது. குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கு சாமான், ஓர் அடுப்பு, ஒரு குக்கர். "ஒரு குழு இன்னொரு குழுவை எட்டிப் பார்க்கக்கூடாது, வகை கலந்துடும்" என்று எச்சரித்து, கவனம் சிதறாமல் இருக்க முன்கதவையும் தாழிட்டேன்.

வீட்டுக்காரர் கேக் ருசி பார்ப்பதற்காகவே லாட்ஜ் வேலைக்கு லீவு போட்டிருந்தார். மூன்று இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, சமையலா, வைத்தியமா?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஓடி ஓடி மூன்று வகுப்பு நடத்துகிற வாத்தியார்!

கூடத்தில் தேன்மொழியும் சுமதியும் போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் அந்த அம்மாள் ஒரே மாதிரியான நாலு கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு வெள்ளைப் பொடி வைத்திருந்தாள்.

"இது சக்கரைப் பொடி அண்ணி."

"அது எப்படி சக்கரை? மொதல்ல குக்கருக்குள்ள ஒரு பாக்கெட் உப்பு கொட்னாளே, பார்க்கல? இந்த கேக்குல உப்புதான் ஜாஸ்தி போல."

"இவ்ளோவா?"

"கண்ணால பார்த்தோமே!"

குக்கர் அடியில் உப்பைக் கொட்டுவது சூடு பரவுவதற்காக, அதைத் தின்பதற்கில்லை என்று அந்த அம்மாள் வாயால் விளக்கமாகச் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. சத்தம் இல்லையே! "அக்கா, ஒரே ஒரு நிமிஷம் சவுண்டு வெச்சா தெரிஞ்சுடும்," என்று தேன்மொழி என்னிடம் கெஞ்சினாள்.

"கூடாது. நீ கண்ணு," என்றேன்.

கொட்டகைக்கு ஓடினேன். கவிழ்ந்து கிடந்த போன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது. "இந்தக் கப்பால ரெண்டு கப்பு இந்த மாவு எடுத்துக்கங்க. இந்த ஸ்பூனால ஒரு ஸ்பூன் ஆப்பசோடா. ஜாஸ்தி போட்டுடாதீங்க, கரெக்டா இவ்ளோதான்."

"எவ்ளோ?" என்றாள் பூங்காவனம்.

"பார்த்தீங்களா? இந்த அளவு," என்றது போன்.

"எங்கடி பார்த்தோம்?" என்று சாந்தி அக்கா போனைத் திட்டினார். "உன்னைத்தான் குப்புறப் போட்டு வெச்சிருக்காளே!"

கொட்டகையில் இருந்த ஒரே ஸ்பூன், நான் விசேஷத்துக்கு எலுமிச்சை சாதம் பரிமாறுகிற ஸ்பூன். அதனால் ஒன்று, கோபுரமாக, போட்டார்கள். போன் மறுபடி பேசியது. "இப்ப மறக்காம இது ரெண்டையும் கழட்டி ஓரமா வெச்சிடுங்க. ரொம்ப முக்கியம். கழட்டலைன்னா ஆபத்து."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இது ரெண்டையும் என்றால் எதை? சாந்தி அக்கா கொட்டகையை ஒரு சுற்று பார்த்தார். கழற்றக்கூடியதாக எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் நான்தானே!

"வளையலைச் சொல்றாங்க," என்றேன் நிச்சயமாக. "ரெண்டு கையிலயும். சுத்தம் முக்கியம் இல்ல?"

இரண்டு பேரும் வளையலைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். குக்கரின் விசிலும் உள்ளே இருந்த ரப்பர் வளையமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

சமையலறையில் பச்சையம்மா அத்தை, கேழ்வரகு மாவையும் வெல்லத்தையும் முட்டையையும் எதிரிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா செய்யணும்?"

"கேக்கு, அத்தை."

"எப்படி?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது. செய்ங்க. கை தானா கத்துக்கும்."

"என் கை நாப்பது வருஷமா கத்துக்கினது ஒண்ணே ஒண்ணுதான்," என்று சொல்லி, முட்டையை ஓரமாக நகர்த்தினார். தண்ணீரைக் கொதிக்கவிட்டார், மாவைக் கொட்டினார், துடுப்பால் கிளறினார். களி.

"அத்தை, கேக்குன்னா வட்டமா இருக்கணுமாம்," என்றாள் மேகலா மெதுவாக.

"களி மட்டும் சதுரமாவாடி இருக்குது?"

மணி மூன்று. முன்கதவை மேடம் தட்டியிருக்கிறார். ஒரு குழு பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு குழு கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு குழு கிளறிக்கொண்டிருந்தது. யாரும் திறக்கவில்லை. பேச்சுக்குரல் வருகிற திசையைப் பார்த்து அவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, மார்போடு அணைத்த ஃபைல். கொட்டகைக்குள் கால் வைத்து, "இங்க கஸ்தூரிங்கறது..." என்று ஆரம்பித்தார்.

குக்கர் பதில் சொன்னது.

அது சாதாரண விசில் இல்லை. முதலில் ஓர் இருமல். அப்புறம் ஒரு விக்கல். எலுமிச்சை சாத ஸ்பூன் அளவு ஆப்பசோடா உள்ளே பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி, மூடியை முட்டி, வழியெல்லாம் அடைத்துக்கொண்டு, கடைசியில் விசில் துளை வழியாகப் பழுப்பு நிறத்தில் புஸ்ஸென்று தகரம் வரை எழுந்தது. தகரத்தில் அடித்து, மழையாகப் பிரிந்து, நிதானமாக, மேடம் மேல் இறங்கியது. நல்லவேளை, இறங்குவதற்குள் ஆறிவிட்டிருந்தது. பூங்காவனம் பாய்ந்து அடுப்பை அணைத்தாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். (காது வகை ஆபத்தில் அப்படித்தான் செய்யும்.) என் வீட்டுக்காரர் வீரமாக ஓடி வந்து வளையல்களைக் காப்பாற்றினார்.

கண்ணைத் திறந்தபோது மேடம் கண்ணாடியைக் கழற்றி, அதிலிருந்த மாவைப் பார்த்தார்.

"இதுதான் கேக்கா?"

வீட்டுக்காரர்தான் உதவிக்கு வந்தார். (அவர் உதவிக்கு வராமல் இருந்தாலே பெரிய உதவி.) "இது காது கேக்குங்க மேடம். கண்ணு கேக்கு உள்ள இருக்குது. கை கேக்கு களியாயிடுச்சு."

"எனக்கு ஒண்ணும் புரியல," என்றார் மேடம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வகை மனிதர்கள், சத்தமில்லாத போன், கவிழ்த்த போன், போனே இல்லாத அடுப்பு. துடுப்பும் கையுமாக வந்து நின்ற பச்சையம்மா அத்தை முழுவதையும் கேட்டார். அவருக்கும் இப்போதுதான் விஷயம் தெரிகிறது.

"ஏம்மா," என்றார் மேடத்திடம், நான் அங்கே இல்லாததுபோல. "கண்ணு, காது, கை மூணும் ஒரே ஆள் மேலதான ஒட்டினு இருக்குது? இவ ஏன் பங்கு பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தா?"

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அடுப்புப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்தபடி சிரிக்கிறார், சிரித்தபடி துடைக்கிறார். அதில் மாவு இன்னும் பரவுகிறது.

அந்த நேரத்தில் தேன்மொழி தட்டோடு வந்தாள். கண் கேக்! வீடியோவில் இருந்த அதே நிறம், அதே உயரம், மேலே அதே வெடிப்பு. எனக்கு உயிர் திரும்பியது. வாயால் கற்பவர் முந்திக்கொண்டு ஒரு துண்டைக் கடித்தார். அவர் முகம் மூன்று விதமாகக் கோணியது. போய் மிச்சத்தை மதில் மேல் வைத்தார். அங்கே உட்கார்ந்திருந்த குரங்கு எடுத்துக் கடித்தது. எங்களைப் பார்த்தது. கேக்கைப் பார்த்தது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டது. பறித்துத் தின்பதையே தொழிலாக வைத்திருக்கிற எங்கள் மலைக் குரங்கு, கொடுத்ததைத் திருப்பித் தந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் மேடம் சாப்பிட்டது களி. மேகலா ஓடிப்போய்த் தன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்தாள். இரண்டு உருண்டை சாப்பிட்டார். எனக்குள் மெல்ல ஆசை எட்டிப் பார்த்தது. கை அலம்பிக்கொண்டே சொன்னார்: "களி பிரமாதம். ஆனா களிக்கு ஏற்கெனவே ரெண்டு குழு இருக்குன்னு சொன்னேனே? இன்னிக்கு ஒண்ணும் எழுதிக்க முடியாதும்மா. ஒரு மாசம் டைம். எனக்கு ஒரே ஒரு கேக் போதும். எல்லாரும் சேர்ந்து செஞ்சது."

அவர் போன பிறகு நான் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். பூங்காவனத்தின் வெறும் காது என் கண்ணெதிரேயே இருந்தது. 'இவளுக்கு ஏறாதுங்க' என்று கணக்கு வாத்தியார் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நான் காது வகை என்பது நிரூபணமாகிவிட்டது! "நான் ஊக்குநரா இருக்க லாயக்கில்ல, வேற ஆளைப் போட்டுக்கங்க," என்றேன்.

"ஓடிடலாம்னு பார்க்கறியா?" என்றார் சாந்தி அக்கா. "ஊட்டைப் பூரா மாவாக்கிட்டு? எழுந்திரு. மொதல்ல அந்தப் போனை நிமித்து."

போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து நிறுத்தினோம். சத்தத்தை முழுசாக வைத்தோம். ஏழு பெண்கள், ஓர் ஆண், ஒரு சின்னத் திரை. தேன்மொழி கண்ணில் பட்டதைச் சொன்னாள், பூங்காவனம் காதில் விழுந்ததைச் சொன்னாள், பச்சையம்மா அத்தை மாவில் கையை விட்டு "இது தண்ணி, இன்னும் போடு" என்றார். புரியாத இடத்தில் நிறுத்தினோம். திரும்ப ஓட்டினோம். அந்த ஆப்பசோடா இடத்தை மட்டும் பதினோரு முறை ஓட்டியிருப்போம். அந்த அம்மாள் பதினோரு முறையும் அதே சிரிப்போடு சொன்னாள்! நெற்றி சுருங்கவில்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. "இது ரெண்டையும் கழட்டிடுங்க" என்ற இடம் வந்து, அவள் விசிலையும் ரப்பரையும் எடுத்துக் காட்டியபோது, ஏழு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சாந்தி அக்காவின் வளையலைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு கேக் வந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது. ஆனால் கேக்! இனிப்பான கேக்! பூங்காவனம் அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். நாங்கள் குதித்த குதியில் எதிர்வீட்டுக்காரர்கள் ஏதோ சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுமாதம் மேடம் வந்தார். (பழைய புடவை கட்டிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் வராமல், முன்வாசலிலேயே நின்று சாப்பிட்டார்.) எழுதிக்கொண்டு போனார். இப்போது வேங்கிக்காலில் தினமும் எங்கள் கேக் விற்கிறது. பூங்காவனம் காதில் கம்மல் ஆடுகிறது. நான் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில் கணக்கு வீடியோ ஓடும். பார்க்கிறேன், கேட்கிறேன், நோட்டில் போட்டும் பார்க்கிறேன். நேற்று ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது. பயத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் அதே விடை!

அன்றைய சேதத்தை மட்டும் குழு என் தலையில்தான் எழுதியது. மாவு, முட்டை, வெல்லம், ஒரு பாக்கெட் உப்பு, கருகிப்போன குக்கர் ரப்பர், மேடம் புடவையைச் சலவைக்குப் போட்ட செலவு, எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய். சிறுகச் சிறுகக் கட்டிவந்தேன். கடைசியாக ஒரு கூட்டத்தில், கணக்கு நோட்டு எழுதுகிற மேகலாவிடம் மிச்சத்தை நீட்டியபோது பச்சையம்மா அத்தை என் கையைத் தள்ளிவிட்டார்.

"வாங்காதடி மேகலா. முழுசா கட்டிட்டான்னா, அதான் தீர்ந்துபோச்சேன்னுவா. அப்புறம் நாம எதை வெச்சு சிரிக்கறது?"

ஆறு பேரும் கை தூக்கி அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றிவிட்டார்கள். வாராவாரம் கூட்டத்தில் மேகலா நோட்டைத் திறந்து மற்றவர்கள் கணக்கை எல்லாம் வேகமாகப் படித்துவிட்டு, கடைசி வரி வந்ததும் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி படிக்கிறாள்:

"கஸ்தூரி, கேக் வகையில் பாக்கி, முப்பது ரூபாய்."